திரியாத துளி

நைனா,

உனக்கு எழுத உட்கார்ந்ததற்கே முதலில் என்னை மன்னித்துவிடு. உனக்குப் படிக்க வராது. நீ இருந்தபோது வீட்டுக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். "மெதுவா படி கண்ணு, எவனாச்சும் தொரத்திக்கினு வரானா?" என்பாய். இப்போது நானே எழுதி நானே படித்துக்கொள்ள வேண்டியதுதான். வாய்திறந்து சொல்லத் தைரியம் இல்லாதவள் நான் என்று உனக்குத் தெரியும். காலேஜில் என்னோடு படித்தவர்கள் அப்பாவை 'நீங்கள்' என்பார்கள். நானும் அப்படித் தொடங்கிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

இன்று காலை லேபில் ஒரு ரத்தக் குழாயின்மேல் பிளாஸ்திரி ஒட்டி அம்மாவின் பெயரை எழுதினேன். முழுப் பெயரையும் எழுதி முடிப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே மாதிரிப் பிளாஸ்திரியில், உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு நாலு நாளாக இருமல். நேற்றிலிருந்து காய்ச்சல். மந்தைவெளி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, உனக்கு எழுதிய அதே சோதனையை அதே சின்னச் சீட்டில் எழுதினார். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அந்தச் சோதனையைப் பற்றி நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. உடம்புக்குள் கிருமி புகுந்து வேலையைக் காட்டினால், ஈரல் ஒரு புரதத்தைச் சுரந்து ரத்தத்தில் விடும். சாதாரணச் சளிக்காய்ச்சலில் அது பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. நுரையீரலில் பெரிய கிருமி இறங்கிவிட்டால் மளமளவென்று ஏறும். சி.ஆர்.பி. என்று அதற்குப் பெயர். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற மஞ்சள் நீரில் ஒரு துளியைக் கருப்புக் கண்ணாடித் தகட்டில் விட வேண்டும். பால்போல் வெள்ளையான மருந்தில் ஒரு துளி சேர்த்துக் குச்சியால் கலக்க வேண்டும். பிறகு தகட்டைக் கையில் ஏந்தி இப்படியும் அப்படியுமாக இரண்டு நிமிடம் சாய்த்து ஆட்ட வேண்டும். புரதம் இருந்தால் பால் திரிந்து மணல் மணலாகப் பிரியும். இல்லாவிட்டால் பால் பாலாகவே இருக்கும்.

இவ்வளவுதான். திரிந்தால் கேப்ஸ்யூல், திரியாவிட்டால் வேண்டாம். டாக்டரம்மாவின் வாதம் எனக்கு மனப்பாடம். "எல்லா இருமலுக்கும் ஆன்டிபயாடிக் எழுதினா, நாளைக்கு நிஜமா வேணும்கிறப்ப அது கேக்காது." அதைக் கேட்ட நாளிலிருந்து நம் தெருவுக்கே நான் வக்கீலாகிவிட்டேன். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? காய்ச்சல் என்றால் முனைக் கடையில் "செவப்பு கருப்பு ஒரு மூணு குடுப்பா" என்று வாங்குவோம். இரண்டைப் போட்டதும் காய்ச்சல் விட்டுவிட்டால், மூன்றாவது அடுத்த காய்ச்சலுக்காக அஞ்சறைப் பெட்டிக்குள் போய்விடும்.

உனக்கு இருமல் வந்த அந்தத் திங்கட்கிழமையும் அம்மா மூன்று கேப்ஸ்யூல் வாங்கி வைத்திருந்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"மனுசன் ராவெல்லாம் கொரைச்சிக்கினு கீறாரு. ஒண்ணு போட்டா இன்னா கெட்டுப் பூடும்?" என்றாள் அம்மா.

"ரத்தம் பாக்கட்டும்மா. வேணும்னா டாக்டரம்மாவே குடுப்பாங்க."

நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பறக்கும் ரயில் தூணுக்குக் கலவை போட்டுவிட்டு வந்த சிமெண்ட் இன்னும் கணுக்காலில் இருந்தது. "உடு. படிச்ச புள்ள சொல்லுது. டிகிரி வாங்கினு வந்து மாத்திரைய புடுங்குது பாரு, போலீஸ்காரன் மாதிரி" என்று சிரித்தாய். சிரித்ததும் இருமல் வந்தது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா உன் நெஞ்சை வெகுநேரம் கேட்டார். பீடியும் சிமெண்டும் ஏறிய நெஞ்சு. கேட்பது பழைய சத்தமா புதுச் சத்தமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் ரத்தத்தைக் கேட்போம் என்றார்.

மறுநாள் காலை நீ லேபுக்கு வந்தாய். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தலை வாரி, காய்ச்சலோடு மயிலாப்பூர் வரைக்கும் நடந்து வந்திருந்தாய். யாருக்காக அந்தச் சட்டை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது.

எங்கள் சீனியர் மேடம் தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாருடி? தெரிஞ்சவாளா?"

நான் சொன்ன பதிலை நீயும் கேட்டாய். "எங்க தெருக்காரர், மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அந்த லேபில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீடு எங்கே என்று கேட்டால் மந்தைவெளிப் பக்கம் என்பேன். கால்வாய்க்கரை என்று சொன்னதில்லை. அப்பா என்ன செய்கிறார் என்றால் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்பேன். நீ ஒரு கணம் சுவர்க் காலண்டரைப் பார்த்தாய். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாய். "நல்லா குத்தும்மா. நாங்க தெருக்காரங்க, தாங்குவோம்" என்றாய். மேடம்கூடச் சிரித்துவிட்டார். என் பொய்யை நீயே ஏந்திக்கொண்டு எனக்காக நின்றாய், நைனா. நிமிர்ந்து பார்க்காமலே ரப்பர் குழாயை உன் கையில் கட்டினேன்.

உன் துளியை ஆட்டினேன். இரண்டு நிமிடம் கழித்தும் பால் பாலாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் மிக மெல்லிய பொடி தெரிந்தது. தெரிந்ததா, அது என் பயமா? விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

"என்னடி, கருப்பு ஸ்லைடுல கோலம் போட்டிண்டிருக்கியா? நெகடிவ்னா எழுதிட்டு அடுத்தத எடு. பத்து பேர் காத்துண்டிருக்கா" என்றார் மேடம்.

எங்கள் லேபின் முறை அதுதான். திரிந்ததை மட்டும் உப்புநீர் கலந்து, பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்க வைத்து, எதுவரை திரிகிறது என்று பார்ப்போம். திரியாததை அப்படியே விட்டுவிடுவோம். ஆனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை நான் படித்திருந்தேன். புரதம் அளவுக்கு மீறி ஏறியிருந்தால் சில சமயம் பால் திரியாமலே இருந்துவிடும், சந்தேகம் இருந்தால் நீர்க்க வைத்தும் பார்க்கவும் என்று கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. மேடத்திடம் அதைச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், இந்த ஆளுக்கு மட்டும் என்ன அவ்வளவு அக்கறை என்று கேட்பார். கேட்டால், நீ யார் என்று சொல்ல வேண்டி வரும்.

ரிப்போர்ட்டில் நெகடிவ் என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

சாயங்காலம் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்ப இப்போதைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். ஆனா இவர் நெஞ்சு எனக்கு முழுசா திருப்தி இல்ல. மூச்சு வாங்கினா ரிப்போர்ட்டப் பாக்காத, ஆளப் பாரு. உடனே கூட்டிட்டு வா" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. கையில் காகிதம் இருந்ததால் இரண்டாவது பாதி தேவை என்றே எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை நீ சாரத்தில் ஏறினாய். வியாழக்கிழமை காலை, பாயில் உட்கார்ந்தபடி, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, என்னைப் பார்த்து, "சாரம் கட்டிட்டாங்களா?" என்று கேட்டாய். என்னை உன்னோடு வேலை செய்யும் ஆள் என்று நினைத்துக் கேட்டாய். காய்ச்சலில் உளறுகிறாய் என்று எண்ணிக்கொண்டு நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு லேபுக்குக் கிளம்பினேன். கிளம்பினேன், நைனா. மூச்சை எண்ணவில்லை.

மயிலாப்பூர்க் குளக்கரை வரைக்கும் போன பிறகுதான் டாக்டரம்மாவின் குரல் காதில் விழுந்தது. ஆளப் பாரு. திரும்பி ஓடியிருக்க வேண்டும். நான் லேபுக்கு ஓடினேன். அப்போதும் எனக்குக் கண்ணாடித் தகடு சொன்னால்தான் நம்பிக்கை.

ஃப்ரிட்ஜில் உன் குழாய் இருந்தது. ஒரு பங்கு மஞ்சள் நீருக்கு ஒரு பங்கு உப்புநீர் கலந்து ஆட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குருணை குருணையாகத் திரிந்து கருப்புக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக நின்றது. இன்னும் நீர்க்க வைத்தேன், திரிந்தது. எட்டில் ஒரு பங்கு, திரிந்தது. பதினாறில் ஒரு பங்கு, அப்போதும் திரிந்தது. பின்னால் மேடம் வந்து நிற்பது தெரியவில்லை.

"யாரோடதுடி இது?"

"எங்க நைனாவோடது."

அவர் ரெஜிஸ்டரைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லப்படாதா" என்றார். திட்டவில்லை. என்னோடு தெருவுக்கு இறங்கி வந்து அவரே கை காட்டி ஆட்டோவை நிறுத்தினார்.

பெரியாஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம். ஊசி போட்டார்கள். நாலாவது நாள் கொஞ்சம் தெளிந்தாய். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்போது நான் உன் காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். தெருக்காரர் என்று சொன்னது, பொடி எழுத்து, மேடத்திடம் நான் வாய்திறக்காதது எல்லாவற்றையும். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

"அத்த வுடு. நெறைய இருந்தா திரியணும்தானே? எப்டி திரியாம போச்சு?" என்று கேட்டாய்.

அந்தப் பால் சின்னச் சின்ன உருண்டைகள் என்றும், பக்கத்து உருண்டையின் கையைப் பிடித்தால்தான் கட்டி சேரும் என்றும், புரதம் மிஞ்சிப்போனால் எல்லாக் கையும் நிறைந்துபோய் யாரும் யாரையும் பிடிக்க முடியாது என்றும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அட, கலவை மாதிரி சொல்லு. தண்ணி இல்லன்னாலும் புடிக்காது, மிஞ்சினாலும் புடிக்காது" என்றாய். மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "தூக்குக்குண்டு வுட்டு நேரா கீதுன்னு ஏத்துன செவுரே கோணிக்கினு நின்னுகீது கண்ணு. ஒரு பக்கமா பாத்துட்டு ஏத்திட்டேன் அன்னிக்கி. இடிச்சிட்டு திரும்ப கட்டுனேன்" என்றாய்.

உன்னை இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட முடியாதே என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடியில் பலமே இல்லை. "உங்கம்மாகிட்ட இத்த சொல்லாத. எம் பொண்ணு ரத்தம் பாத்து சொல்றவன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறா. அவளுக்கு வேற இன்னா கீது? சத்தியம் பண்ணு." அம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நான் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஒன்பதாவது நாள் நீ போய்விட்டாய். வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பார்னு நிச்சயமா சொல்ல முடியாதும்மா" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். பிழைத்திருக்க மாட்டாய் என்றும் அவர் நிச்சயமாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளுக்கு நடுவில்தான் இன்னும் நான் குடியிருக்கிறேன்.

இப்போது எங்கள் லேபில் முறை மாறிவிட்டது. காய்ச்சல் என்று சீட்டில் இருந்தால், திரியாத துளியையும் நீர்க்க வைத்துப் பார்ப்போம். மேடமே ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினார். டாக்டரம்மா இன்னும் அந்தச் சோதனையை எழுதுகிறார். எழுத வேண்டியதுதான். எத்தனையோ பேருக்கு வேண்டாத மாத்திரையை அது நிறுத்தியிருக்கிறது. ஆனால் தகட்டை ஆட்டும் அந்த இரண்டு நிமிடமும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர்கிறது. திரிந்தால் அவர்களுக்காகப் பயம். திரியாவிட்டால் என்னையே நினைத்துப் பயம்.

இன்று காலை அம்மா லேபுக்கு வந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், "எங்க அம்மா." மேடம் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். ரத்தம் எடுத்து, உறையக் காத்திருந்து, ஆட்டினேன். திரியவில்லை. நீர்க்க வைத்து ஆட்டினேன், திரியவில்லை. முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரைக்கும் போனேன். மருந்து கெட்டுவிட்டதோ என்று, சரிபார்ப்பதற்கென்றே மருந்துப் பெட்டியோடு வரும், திரிந்தே தீர வேண்டிய துளியை எடுத்து ஆட்டினேன். அது உடனே திரிந்தது. அம்மாவுடையது பாலாகவே நின்றது. மேடம் என் கையிலிருந்து தகட்டை வாங்கிப் பார்த்து, "நெகடிவ்தான்டி. போறும்" என்றார், மெதுவாக.

பெஞ்சில் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்திரை தேவைப்படாது, டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்து இருமி முடித்துவிட்டு, "நீ சொன்னா சரி. நீ சொல்லாம ஒரு தலவலி மாத்திரகூட வாய்ல வெக்க மாட்டேன்" என்றாள். பிறகு, வாசலைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு சொல்லணும்டி. ரெண்டு வருசமா தொண்டையில மாட்டிக்கினு கீது" என்றாள்.

அன்று நான் மூன்று கேப்ஸ்யூலையும் பிடுங்கிக்கொண்டேன் அல்லவா? அஞ்சறைப் பெட்டியில், கடுகுக் கிண்ணத்துக்கு அடியில், பழையது ஒன்று கிடந்ததாம். "புதங்கெழம ராவு அவரு பொலம்பறதப் பாக்க முடியல. காப்பியில முழுங்க வெச்சிட்டேன். நீ ரத்தம் பாத்து வேணாம்னு சொன்னதுக்கு அப்பறம் குடுத்தேன்டி. அதான் அவர அடிச்சிட்ச்சு. காலைலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சிட்ச்சே. படிச்சவ பேச்ச கேக்காம நானே அவர கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"நீ என்னத் தேத்தாத" என்றாள்.

உன் சத்தியம் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் என் கோழைத்தனமும் நின்றது. எது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

டாக்டரம்மா அம்மாவின் நெஞ்சைக் கேட்டார், நாக்கைப் பார்த்தார், மூச்சை எண்ணினார். "சளிதான். மாத்திரை வேண்டாம். ஆனா..." என்று தொடங்கினார். "மூச்சு வாங்கினா ஆளப் பாக்கணும். தெரியும் டாக்டர்" என்று நான் முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இரண்டு பாதியையும் சொன்னேன்.

இப்போது மதியம் மூன்று மணி. லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா நீ சாய்ந்திருந்த அதே சுவரோரம் ஒருக்களித்துத் தூங்குகிறாள். நான் கடிகாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு பத்தி எழுதுவதும், ஒரு நிமிடம் அவள் முதுகைப் பார்த்து எண்ணுவதுமாக இருக்கிறேன். பதினெட்டு. இருபது. பத்தொன்பது. நெற்றி கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. ஆனாலும் என் பயம் இறங்கவில்லை. கடையில் போய் மூன்று வாங்கிவந்துவிடலாமா என்று இரண்டு முறை செருப்பை மாட்டிக் கழற்றினேன். நானே. அன்று அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீ கலவை போட்ட தூண்மேல் ரயில் ஓடுகிறது, நைனா. போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர் நடுங்கும். நாங்கள் இன்னும் ஏறவில்லை. இந்தத் தெருவை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே எங்கோ இடம் தரப்போவதாகப் பேச்சு. அதற்குள் ஒருநாள் ஏற வேண்டும் என்கிறாள் அம்மா.

உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்காமல் ஊர்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயம், அதுதான்.

அம்மா கொடுத்த அந்த ஒற்றை மாத்திரையால் நீ சாகவில்லை, பிழைத்திருக்கவும் மாட்டாய். ஒரு மாத்திரை எதற்கும் போதாது. ஆனால் அந்த மூன்று நாளில் உன்னைப் பார்த்து, காகிதத்தைப் பார்க்காமல், சரியான பக்கம் நீண்ட கை அவளுடையது ஒன்றுதான். அவள் அதையே பாவம் என்று கட்டிக்கொண்டு கிடக்கிறாள். அதை அவிழ்க்க வேண்டுமானால், பிழை எந்தக் கண்ணாடியில் நடந்தது, யார் கையில் நடந்தது என்று நான் சொல்லியாக வேண்டும். அதன்பிறகு என்னைப் பற்றித் தெருவில் சொல்லிக்கொண்டு திரிய அவளுக்கு ஒன்றும் இருக்காமல் போகலாம். இனி நான் வேண்டாம் என்று சொன்னால் அவள் நம்பாமல் போகலாம். என் முகத்தில் விழிக்காமலே போகலாம். இவை எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். அவள் இப்படியே இன்னொரு வருடம் இருந்துவிடுவாளோ என்பதுதான் இப்போது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

அவள் புரண்டு படுக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து, "இன்னாடி எழுதிக்கினு கீற?" என்று கேட்பாள். அப்போது இதை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், உனக்குப் படிப்பதுபோல மெதுவாக. உன் கையில் அடித்துச் செய்த சத்தியத்தை நீதான் திருப்பித் தர வேண்டும். தந்துவிடு, நைனா.